பேனிக் அட்டாக்கா, வலிப்பா: வீட்டில் இருப்பவர் கவனிக்க வேண்டியவை

திடீரென்று காரணமே இல்லாமல் பயம் கிளம்புகிறது. நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது, சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. இதைக் கேட்கும் பெரும்பாலோர் பேனிக் அட்டாக் என்றே சொல்வார்கள். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மூளையின் ஒரு சிறு பகுதியில் தொடங்கும் வலிப்பும் ஏறத்தாழ இதே வடிவத்தில் வரக்கூடும். அதனால்தான் வலிப்பு நோய் உள்ள சிலர் ஆண்டுக்கணக்கில் பதற்றத்துக்கான மாத்திரைகளை மட்டும் சாப்பிட்டு வருகிறார்கள். பேனிக் அட்டாக் மட்டுமே உள்ள வேறு சிலர் தேவையில்லாத வலிப்பு மருந்தையும் அதன் பக்கவிளைவுகளையும் சுமக்கிறார்கள்.

நோய் எது என்று தீர்மானிப்பது மருத்துவரின் வேலை. ஆனால் அந்த நிகழ்வு நடக்கும்போது மருத்துவர் அருகில் இருப்பதில்லை. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நோயாளி பெரும்பாலும் இயல்பாக இருப்பார். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்கூட ஒன்றும் காட்டாமல் போகலாம். அந்த நிலையில் மருத்துவருக்குக் கிடைக்கும் மிக வலுவான ஆதாரம், பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்லும் விவரம்தான். அந்த விவரத்தைச் சரியாகத் திரட்டுவது எப்படி என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது

வலிப்பு என்றதும் கீழே விழுந்து, கைகால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளும் காட்சிதான் நம் மனத்தில் தோன்றுகிறது. அது மூளை முழுவதும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும்போது நேர்வது. மூளையின் ஒரு பகுதியில் மட்டும் நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றி ஒருசேர மின் அலைகளை எழுப்பினால், அந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறதோ அதுவே நோயின் அறிகுறியாக வெளிப்படும். நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக அமைந்த டெம்போரல் பகுதியின் ஆழத்தில் அமிக்டலா என்ற சிறிய அமைப்பு இருக்கிறது. பய உணர்வை எழுப்புவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. வலிப்பு அங்கே தொடங்கினால் வெட்டும் இழுப்பும் இல்லாமல், வெறும் பயமாகவே அது வெளிப்படலாம். இதயத் துடிப்பு கூடுவது, முகம் வெளிறுவது, மயிர்க்கூச்செறிவது ஆகியவையும் அதனுடன் சேர்ந்து வரும்.

பேனிக் அட்டாக்கில் மூளையில் அத்தகைய மின் கோளாறு எதுவும் இல்லை. ஆபத்து இல்லாத நேரத்தில் உடலின் எச்சரிக்கை ஏற்பாடு முழு வேகத்தில் இயங்கிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, மூச்சு வேகமாகிறது, செத்துவிடுவோம் அல்லது பைத்தியம் பிடித்துவிடும் என்ற எண்ணம் மனத்தை நிரப்புகிறது. பயம் உண்மையானது, உடலில் தெரியும் மாற்றங்களும் உண்மையானவை. "மனசுதான் காரணம், ஒன்றுமில்லை" என்று ஒதுக்கிவிடக் கூடிய நோய் இது அல்ல என்பதை வீட்டில் உள்ளவர்கள் முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் படி: ஆபத்தை நீக்குதல்

கவனிப்பதற்கு முன்னால் காப்பாற்ற வேண்டும். உடல் விறைத்து வெட்டி இழுத்தால் அடுப்பு, கூரான பொருள்கள், மேசை முனை போன்றவற்றிலிருந்து அவரை விலக்கி, தலைக்கடியில் மடித்த துணி வைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். வெட்டு குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் வெளியே வடியும். கைகால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாய்க்குள் ஸ்பூன், துணி, விரல் என எதையும் நுழைக்கக் கூடாது. முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரோ சோடாவோ புகட்டவும் கூடாது. கையில் சாவிக்கொத்தையும் இரும்பையும் திணிக்கும் வழக்கத்தால் எந்தப் பயனும் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடுவதால்தான் இரும்பு கொடுத்ததும் நின்றது போலத் தோன்றுகிறது.

வெட்டு 5 நிமிடத்தைத் தாண்டினாலும், நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தாலும், அவர் கர்ப்பிணியாகவோ சர்க்கரை நோயாளியாகவோ இருந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும், வாழ்க்கையில் முதன்முறையாக வந்திருந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. நெஞ்சுவலி முதன்முறையாக வந்து, வியர்த்து, வலி கை அல்லது தாடைக்குப் பரவினால் பேனிக் அட்டாக் என்று வீட்டில் முடிவு செய்துகொண்டு காத்திருக்க வேண்டாம். இ.சி.ஜி. எடுத்து இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் மற்ற எதையும் யோசிக்க வேண்டும்.

நினைவோடு பயந்து நடுங்குகிறவருக்கு அமைதியான ஓர் இடமும், பக்கத்தில் ஒருவரும் போதும். மூச்சை மெதுவாக, குறிப்பாக வெளிவிடும் மூச்சை நீளமாக விடச் சொல்லுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய முறையைக் கைவிடுவது நல்லது; உண்மையான காரணம் இதயத்திலோ நுரையீரலிலோ இருந்தால் அது கேடாக முடியும்.

இரண்டாம் படி: கடிகாரத்தைப் பார்த்தல்

பயத்தில் இருப்பவருக்கும் பதறிப் பார்ப்பவருக்கும் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். "அரை மணி நேரம் இழுத்தது" என்று குடும்பத்தார் சொல்லும் வலிப்பு பெரும்பாலும் இரண்டு நிமிடத்தைத் தாண்டியிருக்காது. ஆகவே தொடங்கியதும் கைபேசியில் மணியைப் பாருங்கள். முடிந்ததும் மறுபடி பாருங்கள்.

டெம்போரல் பகுதியில் தொடங்கும் வலிப்பு பொதுவாக அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அது சுவிட்சைப் போட்டதுபோல் சட்டென்று தொடங்கும். பேனிக் அட்டாக் சில நிமிடங்களில் ஏறி, பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு 20 அல்லது 30 நிமிடங்களில் மெல்ல வடியும். களைப்பும் உள்நடுக்கமும் அதன் பிறகும் நீடிக்கலாம். ஒரு நிமிடத்துக்குள் வந்து மறைகிற, முன்னறிவிப்பில்லாத கடும் பயம் அடிக்கடி வருகிறது என்றால், அதை வலிப்பாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு பரிசோதிக்கத்தான் வேண்டும்.

மூன்றாம் படி: பேச்சுக் கொடுத்தல்

சாப்பிட உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிடுகிறது. முகத்தில் ஒரு திகில் வந்து போகிறது. பிறகு கண் ஒரே இடத்தில் நிலைக்கிறது. வாயில் எதுவும் இல்லாமலே உதடு சப்புக்கொட்டுகிறது, இடது கை புடவை முந்தானையின் ஓரத்தைத் திரும்பத் திரும்ப நெருடுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலை திரும்பலாம், பதில் வராது. ஒரு நிமிடம் கழித்து "என்ன கேட்டீங்க?" என்கிறார், சாம்பார் ஊற்றியதை மறந்து மறுபடியும் கேட்கிறார். தனக்கு நடந்ததில் அந்தத் தொடக்கத் திகில் மட்டும் அவருக்கு நினைவிருக்கும், அல்லது அதுவும் இருக்காது. சப்புக்கொட்டல், விழுங்கல், துணியை நெருடல் போன்ற நோக்கமற்ற செய்கைகள் இத்தகைய வலிப்பின் முக்கிய அடையாளங்கள். பேனிக் அட்டாக்கில் இவை வருவதில்லை.

பேனிக் அட்டாக்கில் இருப்பவர் மூச்சு வாங்கிக்கொண்டாவது பதில் சொல்வார். "செத்துடுவேன் போலிருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கையைப் பற்றிக்கொள்வார். எல்லாம் முடிந்த பிறகு யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதை வரிசையாகச் சொல்ல அவரால் முடியும்.

எனவே நிகழ்வின் நடுவே எளிய கேள்விகளைக் கேளுங்கள்: பெயர் என்ன, நாம் எங்கே இருக்கிறோம், வலது கையைத் தூக்க முடிகிறதா. இரண்டு சொற்களைச் சொல்லி, நினைவில் வைத்திருக்கச் சொல்லுங்கள். மாங்காய், நீலம் போன்று தொடர்பில்லாதவையாக இருக்கட்டும். முடிந்ததும் அவற்றைத் திருப்பிக் கேளுங்கள். வலிப்பை ஆராயும் மருத்துவமனைப் பிரிவுகளில் ஊழியர்கள் செய்வதும் ஏறத்தாழ இதுதான்.

ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. நினைவு சிறிதும் கெடாத குறுவலிப்புகளும் இருக்கின்றன. அவற்றில் நோயாளி பேசுவார், எல்லாவற்றையும் நினைவும் வைத்திருப்பார். "நினைவு இருந்தது, ஆகவே வலிப்பு இல்லை" என்ற முடிவு தவறாகப் போகும் இடம் இது. இங்கே துணை வருவது அடுத்த படி.

நான்காம் படி: ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருகிறதா?

வலிப்பு மூளையின் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே பாதையில் பரவுவதால், ஒவ்வொரு முறையும் வரிசை மாறாமல் வரும். வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மேலெழும்பித் தொண்டைக்கு வருவது போன்ற உணர்வு, வேறு யாருக்கும் வராத கருகிய வாசனை, இந்தக் காட்சியை முன்பே பார்த்திருக்கிறோம் என்ற விசித்திரமான பரிச்சயம், அதன் மேல் பயம்: இப்படி ஒரு தொடர் அப்படியே திரும்புமானால் அது வலிப்பின் பக்கம் வலுவாகச் சுட்டுகிறது. அந்தப் பயத்துக்குப் பின்னால் எண்ணம் எதுவும் இருப்பதில்லை என்றும் சிலர் சொல்வார்கள். எதற்குப் பயந்தோம் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியாது.

பேனிக் அட்டாக் ஒரு முறை மூச்சுத்திணறலாகவும் அடுத்த முறை தலைசுற்றலாகவும் வரலாம். நீளமும் கடுமையும் மாறும். கூட்டம், லிஃப்ட், பஸ் பயணம் ஆகியவற்றில் வருவதும், மறுபடி வந்துவிடுமோ என்று அந்த இடங்களையே தவிர்க்கத் தொடங்குவதும் பேனிக் நோயின் இயல்பு. ஆனால் தூண்டுதலே இல்லாமலும், தூக்கத்திலிருந்து எழுப்பியும்கூட அது வரும். தூக்கத்தில் வந்தால் எழுந்த பிறகு தெளிவு இருந்ததா, குழப்பம் இருந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஐந்தாம் படி: முடிவைக் கவனித்தல்

ஒன்றை மட்டும்தான் கவனிக்க முடியும் என்றால், நிகழ்வு எப்படி முடிந்தது என்பதையே கவனியுங்கள் என்பேன். தொடக்கத்தைப் பார்ப்பவர் அபூர்வம். முடிவைப் பார்க்க எல்லோருக்கும் அவகாசம் உண்டு, அதில் தகவலும் மிகுதி. நினைவு கெட்ட வலிப்புக்குப் பிறகு சில நிமிடங்களாவது குழப்பம் இருக்கும்: இடம் தெரியாமல் விழிப்பது, கேள்விக்குத் தொடர்பில்லாத பதில், பொருளின் பெயர் நாவில் வராமல் தடுமாறுவது, தலைவலி, ஆழ்ந்த தூக்கம். உடல் முழுவதும் வெட்டியிருந்தால் நாக்கின் பக்கவாட்டில் கடித்த காயமும் மறுநாள் அடித்துப்போட்டது போன்ற தசைவலியும் சேரும். பேனிக் அட்டாக்குக்குப் பிறகு களைப்பும் கவலையும் இருக்கும், ஆனால் தெளிவு இருக்கும்.

ஏமாற்றும் அடையாளங்கள்

பயத்தில் மூச்சை வேகமாக இழுத்து விடும்போது இரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு குறைகிறது. அதனால் இரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகள் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகின்றன. வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு வருவதும், விரல்கள் குவிந்து விறைத்துக்கொள்வதும் இதன் விளைவுகள். பார்ப்பவர் ஃபிட்ஸ் என்றே நினைப்பார், ஆனால் மூச்சு சீரானதும் அது விலகிவிடும்.

சிறுநீர் பிரிந்துவிட்டால் வலிப்புதான் என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியில்லை. சாதாரண மயக்கத்திலும் அது நேரலாம். மயங்கி விழுபவருக்குச் சில விநாடிகள் கைகால் துடிப்பதும் உண்டு. முகம் வெளிறி விழுந்து, படுத்தவுடன் விரைவில் தெளிவது மயக்கத்தின் அடையாளம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்வையும் நடுக்கமும் வந்தால் வீட்டிலுள்ள கருவியில் உடனே அளவு பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அதற்குத்தான் முதல் வைத்தியம். தைராய்டு மிகையாகச் சுரப்பதும், இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுவதும் பேனிக் அட்டாக்கைப் போலவே தோன்றும். வாழ்க்கையில் பதற்றமே அறியாத ஒருவருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் முதன்முறையாக இப்படி வரத் தொடங்கினால் உடல் சார்ந்த காரணங்களை இன்னும் கவனமாகத் தேட வேண்டும்.

இவை தவிர மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. வலிப்பைப் போலவே உடல் ஆடும், ஆனால் மூளையில் வலிப்புக்குரிய மின் கோளாறு இருக்காது. கண்களை இறுக மூடியிருப்பது, தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது, பல நிமிடங்கள் கூடியும் குறைந்தும் நீடிப்பது ஆகியவை அதில் மிகுதி. உண்மையான வலிப்பில் பெரும்பாலும் கண்கள் திறந்திருக்கும். இந்த நிலையில் உள்ளவரை நடிக்கிறார் என்று சொல்வது பெரிய அநீதி. அது தன் கட்டுப்பாட்டில் இல்லாத நோய், அதற்கு மனநல சிகிச்சை உண்டு.

ஆறாம் படி: படம் எடுத்தல், எழுதி வைத்தல்

நோயாளியிடம் முன்கூட்டியே சம்மதம் பெற்றுக்கொண்டு, அடுத்த முறை கைபேசியில் வீடியோ எடுங்கள். முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும், போர்வையை விலக்கிவிடுங்கள், நீங்கள் கேள்வி கேட்கும் குரலும் பதிவாகட்டும், நின்றவுடன் நிறுத்தாமல் மேலும் சில நிமிடங்கள் தொடருங்கள். அதை மருத்துவரைத் தவிர வேறு யாருக்கும், குடும்ப வாட்ஸாப் குழுவுக்கும்கூட, அனுப்ப வேண்டாம்.

எழுத்துக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: "காலை 6.40. பல் தேய்த்துக்கொண்டிருந்தார். முந்தைய இரவு சரியாகத் தூங்கவில்லை. 'வருது' என்று சொல்லி வயிற்றைப் பிடித்தார். முகம் வெளிறியது. ஏறத்தாழ 50 விநாடி பேச்சில்லை, வலது கை சட்டைப் பட்டனைத் திருகியது. 6.41-க்குத் திரும்பிப் பார்த்தார். என் பெயரைச் சொல்ல மூன்று நிமிடம் ஆனது. சொன்ன இரண்டு சொற்கள் நினைவில்லை." இந்தச் சில வரிகள் "மறுபடியும் பேனிக் வந்தது" என்ற ஒற்றை வரியைவிடப் பன்மடங்கு பயன் தரும். நோயின் பெயரை எழுதாதீர்கள், கண்டதை எழுதுங்கள். தூக்கம், மாதவிடாய் நாள், மது, தவறவிட்ட மாத்திரை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நோய் இன்னதென்று தெரியும்வரை சில முன்னெச்சரிக்கைகள் அவசியம். பைக், கார் ஓட்ட வேண்டாம்; கிணறு, குளத்தில் தனியாகக் குளிக்க வேண்டாம்; குளியலறைத் தாழ்ப்பாளைப் போட வேண்டாம்; உயரத்தில் ஏறும் வேலையைத் தள்ளிவையுங்கள்.

ஏழாம் படி: மருத்துவரிடம்

சந்தேகம் வலிப்பின் பக்கம் சாய்ந்தால் நரம்பியல் மருத்துவரிடமும், பேனிக் பக்கம் சாய்ந்தால் மனநல மருத்துவரிடமும் தொடங்கலாம்; தெளிவில்லை என்றால் இருவரையும் பார்ப்பதே சரி. நேரில் பார்த்தவர் உடன் போக வேண்டும். சிறு வயதில் காய்ச்சலோடு நெடுநேரம் வலிப்பு வந்ததா, தலையில் பலத்த அடியோ மூளைக்காய்ச்சலோ இருந்ததா, குடும்பத்தில் யாருக்கேனும் உண்டா என்பவற்றைப் பெரியவர்களிடம் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனையை எடுக்கச் சொல்வார்கள். முதல் நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். எண்ணெய் இருந்தால் மின்முனைகள் தோலில் ஒட்டாது. மருத்துவர் நிறுத்தச் சொன்னாலன்றி வழக்கமான மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. இந்தச் சோதனை பெரும்பாலும் அரை மணி நேரம்தான் நடக்கும். அந்த நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் முடிவும் இயல்பாகவே வரும். வலிப்பு நோய் உள்ளவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. இயல்பாக இருக்கும். "ரிப்போர்ட் நார்மல், ஆகவே பேனிக்தான்" என்று யாராவது சொன்னால், அந்த வாதத்தை மட்டும் வைத்து நிறைவடையாதீர்கள். தூக்கத்தைக் குறைத்துவிட்டு எடுக்கும் இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. ஆகியவை அடுத்து வரும். நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் கட்டியாகி வலிப்பை உண்டாக்குவது இந்தியாவில் பரவலாகக் காணப்படும் காரணம் என்பதால் ஸ்கேனைத் தவிர்க்க வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் தெளிவு பிறக்காவிட்டால், உள்நோயாளியாகச் சில நாள் தங்கவைத்து, வீடியோவையும் இ.இ.ஜி.யையும் சேர்த்துப் பதிவு செய்யும் வீடியோ இ.இ.ஜி. சோதனையைக் கேட்டுப் பெறுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற இடங்களில் இந்த வசதி உண்டு. மிக ஆழத்தில் எழும் குறுவலிப்பு இதிலும் அகப்படாமல் போகலாம்; அப்போது உங்கள் குறிப்பேட்டின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

பெண்பிள்ளை என்றால் கல்யாணம் தடைபடும் என்று அஞ்சி, வலிப்பு என்ற சொல்லே வராமல் "பயம்" என்று சொல்லி மருத்துவரிடமும் விவரத்தை மறைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் குறிப்பிட்டிருந்த சொல் 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. மறைப்பதால் பாதிக்கப்படுவது அந்தப் பெண்ணின் மூளையும் உயிரும்தான். வலிப்பு நோயாளிகளில் பெரும்பான்மையோர் மருந்திலேயே வலிப்பின்றி வாழ முடிகிறது.

மருந்து பற்றி

பதற்றத்துக்காகத் தரப்படும் அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற மாத்திரைகள் வலிப்பையும் ஓரளவு அடக்கும் ஆற்றல் உடையவை. எனவே அவற்றைச் சாப்பிட்டதும் குறைந்தது என்பதைக் கொண்டு பேனிக் அட்டாக் என்று நிறுவ முடியாது. நெடுநாள் சாப்பிட்ட பின் அவற்றைத் திடீரென்று நிறுத்தினால், வலிப்பே இல்லாதவருக்கும் வலிப்பு வரக்கூடும்; மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மறுபுறம், லெவடிராசிட்டம் என்ற வலிப்பு மருந்து சிலருக்கு எரிச்சலையும் பதற்றத்தையும் உண்டாக்கும். அப்படியானால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு நோயும் ஒருவருக்கே இருப்பதும் அரிதன்று. வலிப்பு நோயாளிகளிடையே பதற்றம் பொதுவாகவே கூடுதலாகக் காணப்படுகிறது. எப்போது வருமோ என்ற அச்சமே பேனிக் அட்டாக்காக மாறுவதுண்டு. அத்தகையவர்களுக்குக் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் ஒதுக்கி, எந்த வகை வந்தது என்று தனித்தனியே எழுதிவந்தால், எந்த மருந்தைக் கூட்டுவது, எதை விட்டுவைப்பது என்று மருத்துவர் தீர்மானிக்க முடியும். பேனிக் நோய்க்கு மருந்தோடு சிந்தனை மற்றும் நடத்தை சார்ந்த உளவியல் சிகிச்சையும் நல்ல பலன் தருகிறது. அதற்கு எங்கே போவது என்று தெரியாதவர்கள் இந்தியாவில் எங்கிருந்தும் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.